அப்பா சதிக் கதைகளுக்குள் போன வருடம்

வீட்டில் ஒருவர் குடித்தாலோ சூதாடினாலோ என்ன செய்யலாம் என்று சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். வீட்டுப் பெரியவர் ஒருவர் ராத்திரி முழுக்க போனைப் பார்த்துவிட்டு, காலையில் "உலகத்தையே பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள்தான் நடத்துகின்றன, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டால் என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆளில்லை. யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். "வயசாகிவிட்டது, விடு" என்கிறார்கள். தம்பி வெளிநாட்டில் இருக்கிறான். வாரக் கடைசியில் அவன் கூப்பிடும்போது அப்பா பேரப்பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசுவார். அதனால் நான் மிகைப்படுத்துகிறேன் என்றே அவன் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தான். ஒரு வருடத்துக்கு மேல் இதை நான் தனியாகத்தான் சமாளித்தேன். அதில் தெரிந்துகொண்டவற்றை, இதே நிலையில் இருக்கும் யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேலைக்காலம் முழுக்கக் கணக்குத் தணிக்கையில் இருந்தவர். ஒரு ரசீதில் தேதி மாறியிருந்தால் கண்ணில் பட்டுவிடும். "கணக்கு உதைக்கிறதே" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் வார்த்தை. சதிக் கதைகளை நம்புகிறவர்கள் படிக்காதவர்கள், யோசிக்கத் தெரியாதவர்கள் என்று நினைப்பவர்கள் அப்பாவோடு அரை மணி நேரம் பேசிப் பார்க்க வேண்டும். அவர் யோசித்தார், அளவுக்கு மீறியே யோசித்தார். ஒரு முடிவில் மனசு போய் உட்கார்ந்துவிட்டால், புத்திசாலிக்கு அதற்குச் சாதகமாக ஆயிரம் காரணம் தோன்றும். எதிரே இருப்பவர் சொல்வதில் ஓட்டை கண்டுபிடிக்கவும் அதே புத்திதான் கைகொடுக்கும்.

அம்மா இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் திடீரென்று மூச்சுத் திணறி, ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காலின் ரத்தக் குழாயில் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டது என்று வராந்தாவில் நின்றபடி ஒருவர் எங்களிடம் சொன்னார். அவ்வளவுதான். அந்த ஒரே வாக்கியத்தோடு எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இடுப்பு, முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் இந்த ஆபத்து உண்டு என்பதும், அதற்காகத்தான் ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட்டு, சீக்கிரமே எழுந்து நடக்க வைக்கிறார்கள் என்பதும், இவ்வளவு செய்தும் சிலருக்கு இது வந்துவிடுகிறது என்பதும் எனக்கே பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்கு யாராவது பத்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் அடுத்து வந்ததில் பாதி நடந்திருக்காது என்று இன்றும் நினைக்கிறேன்.

காரியம் முடிந்த வாரமே அப்பா ஒரு நோட்டு போட்டார். நீண்ட கணக்கு நோட்டு. இடது பக்கம் நேரம், வலது பக்கம் நடந்தது. "4.10: நர்ஸ் வந்து திரையை இழுத்து மூடினாள். 4.25: டாக்டர் போனில் பேசிக்கொண்டே வெளியே போனார். 4.40: எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள்." 4.10-க்கும் 4.25-க்கும் நடுவே சிவப்பு மையில் ஒரு வளைகோடு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. எதிர்ப் பக்கத்தில், அதே வாரம் அந்த ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத் திறப்பு விழா பற்றிய செய்தித்தாள் துண்டு ஒட்டியிருந்தது. அதற்கும் ஒரு சிவப்புக் கோடு. முதலில் அந்த நோட்டைப் பார்த்தபோது எனக்குக் கோபமே வரவில்லை. தொண்டை அடைத்தது. ஐம்பது வருடம் கூட வாழ்ந்தவள் போனதற்குக் கணக்கு நேராகவில்லை, நேராக்கப் பார்க்கிறார் என்றுதான் தோன்றியது.

இதற்கு உளவியலில் ஒரு விளக்கம் இருக்கிறது. பெரிய விளைவுக்குப் பெரிய காரணம்தான் இருக்க வேண்டும் என்று மனசு எதிர்பார்க்கும். அமெரிக்க ஜனாதிபதி கென்னடி 1963 நவம்பர் 22 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். ஆஸ்வால்ட் என்ற 24 வயதுக்காரன் தனியாளாக அதைச் செய்தான் என்பது இன்றுவரை பலருக்கு ஜீரணமாகவில்லை. 1981-ல் ஜனாதிபதி ரீகனையும் ஒரு தனியாள்தான் சுட்டான். அவர் பிழைத்துக்கொண்டார், அதைச் சுற்றி இந்த அளவுக்குக் கதைகள் கிளம்பவில்லை. இரண்டிலும் சுட்டது தனியாள்தான், விளைவுதான் வேறு. அம்மா உயிரைக் கொண்டுபோனது ரத்தத்தில் ஒரு சின்னக் கட்டி என்பதை அப்பாவால் ஏற்க முடியவில்லை. யாரோ செய்தார்கள் என்றால் கோபப்பட ஓர் ஆளாவது கிடைக்கும்.

கையை மீறி எல்லாம் போகிறபோது மனசு தொடர்புகளைத் தேட ஆரம்பிக்கும் என்பதற்கும் ஆய்வு உண்டு. ஜெனிஃபர் விட்சன், ஆடம் கலின்ஸ்கி என்ற இருவர் 2008-ல் வெளியிட்டது. ஒரு பிரிவினருக்கு, எதுவும் தங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்ற உணர்வை முதலில் உண்டாக்கினார்கள். அப்புறம் வெறும் புள்ளிகள் இரைந்து கிடக்கும் படங்களைக் காட்டினார்கள். ஒன்றுமே இல்லாத படத்திலும் அவர்களுக்கு உருவங்கள் தெரிந்தன, மற்றவர்களைவிட அதிகமாக. இதைப் படித்த ராத்திரி அப்பாவின் சிவப்புக் கோடுகளை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததையெல்லாம் மனுஷர் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார்.

இதோடு நின்றிருந்தால் துக்கம் என்றே விட்டிருப்பேன். ஆஸ்பத்திரிகளின் தவறுகளைப் பற்றிப் பேசும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் யாரோ அவரைச் சேர்த்துவிட்டார்கள். அங்கே அவர் கதையை யாரும் குறுக்கே பேசாமல் கேட்டார்கள். "ஐயா, உங்களை மாதிரி விவரம் தெரிந்தவர்கள்தான் எங்களுக்கு வேண்டும்" என்றார்கள். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை, நானும் சேர்த்துத்தான். உளவியலாளர் கேரன் டக்ளஸும் அவருடைய சகாக்களும் 2017-ல் எழுதிய ஒரு கட்டுரையில், சதிக் கதைகள் மூன்று தேவைகளைத் தீர்ப்பதாகத் தோன்றுவதால் மக்களை இழுக்கின்றன என்கிறார்கள். நடந்ததைப் புரிந்துகொள்ள வேண்டும், பாதுகாப்பாக உணர வேண்டும், தனக்கும் தன்னைச் சேர்ந்தவர்களுக்கும் ஒரு மதிப்பு வேண்டும். அந்தக் குழு மூன்றையும் தருவதாகச் சொன்னது. இதே கட்டுரை, தேவை உண்மையிலேயே தீருவதாகத் தெரியவில்லை என்றும் சொல்கிறது. அப்பாவிடம் நான் பார்த்ததும் அதுதான். ஒவ்வொரு வீடியோவுக்குப் பிறகும் அவருக்குப் பயம் கூடியது, தூக்கம் குறைந்தது.

அங்கிருந்து அடுத்தடுத்த படிகள் வேகமாக வந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து மருந்துக் கம்பெனிகள், அங்கிருந்து தடுப்பூசி, பிறகு வங்கிகள், கடைசியில் நிலாவில் மனிதன் இறங்கியதே பொய் என்பது வரை. இதுவும் புதிதல்ல. ஒரு சதியை நம்புகிறவர் மற்றவற்றையும் நம்பும் வாய்ப்பு அதிகம் என்று டெட் கோர்ட்செல் என்ற ஆய்வாளர் 1994-லேயே காட்டியிருக்கிறார். ஒரே செய்தி ஐந்து இடத்திலிருந்து வந்தால் ஐந்து சாட்சி போலத் தோன்றுவதும் உண்டு. கேட்ட பொய்யையே திரும்பத் திரும்பக் கேட்டால் அது மெய்யென்று படும் என்று 1977-லேயே ஆய்வு வந்துவிட்டது. அப்பாவுக்கு ஒரே குரல் பதிவு ஐந்து பேரிடமிருந்து வரும். "நெருப்பில்லாமல் புகையுமா?" என்பார். புகை கிளப்புகிறவன் ஒருவனே என்று சொன்னால், "நீ ரொம்ப நல்லவளம்மா, உலகம் தெரியாது" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு அவர் திட்டியிருந்தாலே தேவலை.

ஒரு கட்டத்தில் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார். எனக்குச் சொல்லவில்லை. காலில் ஒரு சின்னப் புண் வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தபோதுதான் மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமல் அலமாரியில் இருப்பதைப் பார்த்தேன். அதற்குப் பதிலாக, குழுவில் ஒருவர் விற்ற ஏதோ பொடியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வங்கிகள் மூழ்கப் போகின்றன என்று வைப்புத் தொகையை முதிர்வுக்கு முன்பே எடுத்ததில் வட்டி போனது. "உள்வட்ட" வகுப்புகளுக்கு மாதச் சந்தா, வழக்குப் போடுவதாகச் சொன்ன ஒருவருக்கு முன்பணம், வீட்டில் கதிர்வீச்சைத் தடுக்கும் என்று ஒரு பெட்டி. கூட்டிப் பார்த்தால் அம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் பாதிக்கு மேல் கரைந்திருந்தது. தணிக்கை செய்தவர், ஒன்றுக்கும் ரசீது வாங்கவில்லை. கேள்வி கேட்கும் புத்தி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பாய்வதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் பார்த்ததில்லை. டாக்டர் சொன்னதில் காற்புள்ளியைக்கூடச் சந்தேகிப்பார், பொடி விற்றவரிடம் ஒரு கேள்வியும் கிடையாது.

இந்த இடத்தில் முதல் யோசனையைச் சொல்லிவிடுகிறேன். மருந்து, பணம் இரண்டையும் கொள்கைச் சண்டையிலிருந்து பிரித்துவிடுங்கள். நான் மாத்திரையைப் பற்றி மருந்துக் கம்பெனி வாதத்துக்குள்ளேயே போகவில்லை. சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்றை வாங்கி வைத்து, "உங்கள் பொடி வேலை செய்கிறதா என்று நீங்களே எழுதி வையுங்கள்" என்றேன், டாக்டரிடமும் சொல்லிவிட்டு. எண் என்றால் அப்பாவுக்கு மரியாதை. எழுதினார். எண்கள் இறங்கவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் மாத்திரைக்குத் திரும்பினார், நானும் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்சுலின் போன்றவற்றில் இப்படிக் காத்திருக்க முடியாது, உடனே டாக்டரிடம் போயாக வேண்டும். பணத்துக்கு, பெரிய தொகை எடுத்தால் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்று கணக்கை மாற்றினோம். தம்பியும் நானும் சேர்ந்து கேட்டதால் ஒத்துக்கொண்டார். இதைப் பணம் போவதற்கு முன்னாலேயே செய்துவிடுவது நல்லது. யாராவது "இதை வீட்டில் சொல்லாதீர்கள், அவர்களுக்குப் புரியாது" என்று அவரிடம் சொல்லத் தொடங்கியிருந்தால், பணம் கேட்கும் நாள் தூரத்தில் இல்லை என்று அர்த்தம்.

வாதாடுவது பற்றி. வாதாடத்தான் செய்தேன், வேறு யார் இருந்தார்கள். நிலா விஷயத்தில் ஒரு ராத்திரி முழுக்கப் போனது. அப்பல்லோ பயணங்கள் கொண்டுவந்த 382 கிலோ கல், மண் இருக்கிறது, பல நாட்டு விஞ்ஞானிகள் அதை ஆராய்ந்திருக்கிறார்கள், போட்டியில் இருந்த சோவியத் யூனியன் அதைப் பொய் என்று சொல்லவில்லை என்று அடுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் அவர் புதிதாக மூன்று கேள்வி எடுத்தார். கேள்வி போட ஒரு நிமிடம், பதில் தேட ஒரு மணி நேரம். விடியும் நேரத்தில், "அவர்கள் உனக்கும் ஏதாவது தருகிறார்களா?" என்று கேட்டார். பாதி விளையாட்டாகத்தான் கேட்டார். அடுத்த அறைக்குப் போய் அழுதுவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். எதிர்ச் சான்று காட்டுகிறவரே சதியில் ஒரு ஆள் என்று ஆகிவிடுவதுதான் இந்தக் கதைகளின் பெரிய பலம். அதனால் அகலமாகப் போகும் வாதம் வேண்டாம். பத்து விஷயம் பேசினால் பத்திலும் நழுவலாம்.

ஒன்று கவனித்தேன். ஒரு நாள் "மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்" என்பார், இன்னொரு நாள் "வேண்டுமென்றே மருந்தே கொடுக்கவில்லை" என்பார். இரண்டும் சேர்ந்து நடக்க முடியாதே என்று அவருக்குத் தோன்றவில்லை. இங்கிலாந்து இளவரசி டயானா கொல்லப்பட்டார் என்பதை நம்புகிறவர்கள், அவர் சாகவே இல்லை என்பதையும் நம்பும் வாய்ப்பு அதிகம் என்று 2012-ல் ஓர் ஆய்வு வந்து பிரபலமானது. 2023-ல் வேறு ஆய்வாளர்கள் அதைத் திரும்பப் பார்த்து, இரண்டையுமே நம்பாதவர்கள் நிறையப் பேர் இருந்ததால்தான் அப்படித் தோன்றியது என்றார்கள். அப்பாவைப் பார்த்தவள் என்ற முறையில் எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. அவர் எந்த ஒரு கதையையும் முழுசாக நம்பவில்லை. "எங்களிடம் சொன்னது உண்மையில்லை" என்பது மட்டும்தான் அவருக்கு உறுதி. மற்றதெல்லாம் அதைச் சுற்றி வந்துபோகிறவை. அப்படியானால் நான் பிடிக்க வேண்டியது நிலாவை அல்ல, அந்த வராந்தா வாக்கியத்தை.

இன்னொன்றும் நியாயமாகச் சொல்ல வேண்டும். உண்மையான சதிகளும் நடந்திருக்கின்றன, அப்பா அவற்றை நன்றாகவே தெரிந்து வைத்திருந்தார். அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட கறுப்பின ஆண்களுக்கு, பெனிசிலின் கிடைத்த பிறகும் கொடுக்காமல் வைத்து வேடிக்கை பார்த்தது அரசுப் பொதுச் சுகாதாரத் துறை. உலகெங்கும் சுமார் 1.1 கோடி ஃபோக்ஸ்வேகன் கார்களில் புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் இருந்தது 2015-ல் அம்பலமானது. "இதெல்லாம் நடந்ததா இல்லையா?" என்று கேட்டபோது "நடந்ததுதான்" என்று ஒத்துக்கொண்டேன். அவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது. அப்புறம், இவை எப்படி வெளியே வந்தன என்று இருவரும் சேர்ந்து பார்த்தோம். டஸ்கீகி விஷயத்தில் அதே சுகாதாரத் துறையில் வேலை பார்த்த ஒருவர் அதைச் செய்தியாளரிடம் சொன்னார். கார் விஷயத்தில் ஒரு பல்கலைக்கழகக் குழு சாலையில் ஓட்டி அளந்து பார்த்தது. இரண்டிலும் நோக்கம் குறிப்பானது, ஆவணம் இருந்தது, தோண்டத் தோண்ட ஆதாரம் கூடியது. அப்பாவின் குழுக் கதைகளில் தோண்டத் தோண்டச் சதிகாரர்கள்தான் கூடினார்கள், ஆதாரம் கூடவில்லை. இந்த வித்தியாசத்தை நான் சொல்லவில்லை, அவரே "ம்ம், ரெக்கார்ட் இருக்கு" என்றார்.

அங்கிருந்துதான் வழி கிடைத்தது. அம்மாவின் சிகிச்சைக் குறிப்புகள் முழுவதையும் எழுத்தில் கேட்டு வாங்கினோம். முதலில் இழுத்தடித்தார்கள், விடவில்லை. பிறகு அந்த ஆஸ்பத்திரியோடு சம்பந்தமில்லாத ஒரு டாக்டரிடம் போனோம். முன்கூட்டியே அவரிடம் தனியாகப் பேசி, "அவசரப்படாமல் எல்லாக் கேள்வியையும் கேட்க விடுங்கள்" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அப்பா நோட்டை விரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு நேரத்துக்கும் எதிரே குறிப்பில் இருந்ததைத் தேடி எடுத்துக் காட்டினார். 4.10-க்குத் திரையை மூடியது காலில் வீக்கம் இருக்கிறதா என்று பார்க்க. 4.25-க்குப் போன் செய்தது இதய நிபுணரை அழைக்க, அவர் வந்த நேரமும் அதில் இருந்தது. ஊசி போடப்பட்ட நாட்களின் கையெழுத்துகள் இருந்தன. ஒரு நாள் ஊசி சில மணி நேரம் தாமதமாகியிருந்ததையும் அவர் மறைக்கவில்லை. "இதனால்தான் நடந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்" என்றார். அந்த வாக்கியத்துக்குத்தான் அப்பா அத்தனை மாதமும் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். ஒரு சிவப்புக் கோட்டின் மேல் நீல மையில் டிக் போட்டார்.

உண்மையைச் சொல்லி யாரையும் மாற்ற முடியாது என்று பலர் சொல்வார்கள். அப்படி இல்லை. 2024-ல் காஸ்டெல்லோ என்ற ஆய்வாளரும் சகாக்களும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரு செயற்கை நுண்ணறிவு நிரலோடு உரையாட வைத்தார்கள். ஒவ்வொருவரும் தான் எதை ஏன் நம்புகிறேன் என்று எழுத, அது அதற்கேற்ற ஆதாரத்தோடு பொறுமையாகப் பதில் சொன்னது. நம்பிக்கை சராசரியாக 20 சதவீதம் குறைந்தது, இரண்டு மாதம் கழித்தும் அது மீளவில்லை. இருபது சதவீதம்தான். ஆனால் அந்த நிரலுக்குக் கோபம் வராது, கேலி செய்யாது, விடியும்வரை கேட்டாலும் சலிக்காது. மகளுக்கு அதெல்லாம் வரும். அதனால் எல்லாவற்றையும் நீங்களே செய்ய முயலாதீர்கள். அவர் மதிக்கிற, உங்களைவிடப் பொறுமையான இன்னொருவரைத் தேடுங்கள். குடும்ப விசேஷங்களில் நாலு பேர் முன்னால் கிண்டல் செய்கிற உறவினர்களைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எங்கள் சித்தப்பா ஒருவர் "என்ன அண்ணே, நிலா எப்படி இருக்கு?" என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் அப்பா மறுபடி அந்தக் குழுவுக்குள்தான் போவார்.

ராத்திரிப் போன் விஷயத்தில் பிடுங்குவது, மறைப்பது எதுவும் பலிக்காது. தூக்கமில்லாத மனுஷனுக்கு ராத்திரி என்பது நீளமான நேரம், அதில் அம்மா இல்லை. அக்கம்பக்கத்துச் சங்கக் கணக்கை யாராவது சரிபார்த்துத் தர வேண்டும் என்று கேட்டபோது, நான் அப்பா பெயரைச் சொன்னேன். இப்போது அங்கே எல்லோரும் "சார்" என்கிறார்கள், வவுச்சர் இல்லாமல் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுகிறார் என்று புகாரும் வருகிறது. தூக்கத்துக்கும் துக்கத்துக்கும் டாக்டரிடம் கூட்டிப்போனேன். எனக்கும் தனியாக ஓர் ஆலோசகரிடம் போக வேண்டியிருந்தது, அதைத் தள்ளிப்போட வேண்டாம் என்பது என் எண்ணம்.

அப்பா முழுசாக வெளியே வந்துவிட்டார் என்று சொல்ல மாட்டேன். அந்தக் குழுவிலிருந்து விலகிவிட்டார், யாரும் விலகச் சொல்லவில்லை. வழக்கு முன்பணம் வாங்கியவரைக் கூப்பிட்டு ரசீது கேட்டிருக்கிறார், அவர் போனை எடுப்பதில்லை. தாமதமான ஊசி பற்றி ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். நானே தட்டச்சு செய்து கொடுத்தேன், அது நியாயமான கேள்வி. நிலாவில் மனிதன் இறங்கவில்லை என்பதில் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறார். அதில் மாத்திரையும் இல்லை, பணமும் இல்லை. நான் அந்தப் பக்கம் போவதில்லை.